பேச்சை நிறுத்திய நொதி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு கிணறு இருந்தது. அங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் போனால் ஒரு பல்கலைக்கழகம் வரும். அதன் வேதியியல் துறையில், ஜன்னலோர மேசைமேல், ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை இருந்தது. கிணறு இன்னாசி என்ற விவசாயியுடையது. குவளை அவர் தங்கை ஜெசிந்தாவுடையது.

ஜெசிந்தா விஞ்ஞானி. தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு சிறு கருவியைச் செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும், இந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், இதைக் குடிக்கக் கூடாது என்று அங்கேயே சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. நல்ல ஆசைதான்.

குவளைக்குள் நால்வர் குடியிருந்தார்கள். ஒன்று கரித்தட்டு. தொட்டதை உணர்ந்து சொல்வது அதன் வேலை. இன்னொன்று பிளாட்டினக் கம்பி. மின்சாரம் சுற்றி வர வழிவிட்டுக்கொண்டு அதிகம் பேசாமல் நிற்கும். மூன்றாவது வெள்ளிக்கம்பி. எது வந்தாலும் அது மாறாது. மற்றவர்கள் ஏறினார்களா இறங்கினார்களா என்பதை அதை வைத்துத்தான் அளப்பார்கள்.

நான்காவது ஆள் நொதி, என்சைம் என்பார்களே அது. கரித்தட்டின்மேல் மெல்லிய பூச்சாக அது ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூவரும் மண்ணிலிருந்து வந்தவர்கள். நொதி மட்டும் உயிரிலிருந்து வந்தது. மனிதர்களின் நரம்பிலும் ரத்தத்திலும் அதன் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

ஜெசிந்தா ஒரு சொட்டுத் தீனி விட்டால் நொதி அதைப் பிளக்கும். பிளந்த துண்டு கரித்தட்டில் பட்டதும் மின்சாரம் ஓடும். கணினித் திரையில் ஒரு கோடு எழும். அந்தக் குவளையிலிருந்து மனிதர்களுக்கு எட்டும் பேச்சு அந்தக் கோடு ஒன்றுதான். பூச்சிமருந்து வந்துவிட்டால் அது நொதியின் வாயை அடைத்துவிடும். கோடு கீழே விழும். நொதி பேசினால் நல்ல தண்ணீர். பேச்சை நிறுத்தினால் நஞ்சு.

கருவியைச் சரிபார்க்க முதலில் நல்ல தண்ணீர் ஒன்று வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் வடித்த நீர் உதவாது. மண்ணும் உப்பும் அறிந்த கிணற்றுத் தண்ணீர் வேண்டும். அதில் நொதி நன்றாகப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு, பிறகு அளந்து அளந்து நஞ்சைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஜெசிந்தா அண்ணனுக்கு போன் செய்தாள். நம்ம கிணறு இருக்கும்போது எதுக்கு அலையுறே என்றார் இன்னாசி. அவர் மனைவி மதலேன் வெள்ளைக் கேனைக் கழுவி, தானே இறைத்து நிரப்பி, மூடியில் துணி சுற்றி இறுக்கி, தெரிந்த கண்டக்டரிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள்.

கேனின்மேல் ஜெசிந்தா 'சுத்த நீர்' என்று எழுதி ஒட்டினாள். அந்த நீரை ஒரு பெரிய பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம். பிறந்து வளர்ந்த வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கிணற்று நீர் குவளைக்குள் நிமிர்ந்தபடி இறங்கியது.

"நான் மதலேன் கையால் இறைத்த தண்ணீர். என் பெயரே சுத்தம்" என்றது.

"வா" என்றது நொதி. தீனி வந்தது. நொதி பிளந்தது. கோடு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் நொதிக்கு மூச்சு முட்டியது. தண்ணீரின் மடிப்புக்குள்ளிருந்து யாரோ வந்து, தீனி உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"யார் நீ?"

"என்னை மருந்து என்று கூப்பிடுவார்கள்" என்றது வந்தது.

"எழுந்திரு. அது தீனிக்கான இடம்."

"எனக்கும் சரியாகப் பொருந்துகிறதே. நான் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை."

கிணற்று நீர் திடுக்கிட்டது. "இது யார்? என்னோடு இது எப்போது வந்தது? எனக்குத் தெரியாதே" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்குப் பதில் சொல்ல நொதிக்கு வாய் இல்லை.

கரித்தட்டு பதறவில்லை. "நொதி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. கோடு விழுந்திருக்கிறது. ஜெசிந்தா பார்ப்பாள்" என்றது.

ஜெசிந்தா பார்த்தாள். விழுந்த கோட்டைப் பார்த்தாள், கேனில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். சுத்த நீரில் கோடு விழக் கூடாது. ஆகவே கரித்தட்டு கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்து, அதை நொதியோடு கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அடுத்ததைச் செய்தாள். அது வடித்த நீரில் அழகாகப் பேசியது, கிணற்று நீரில் ஓய்ந்துபோனது. அதையும் போட்டாள். அதற்கடுத்ததும் அப்படியே. மழைக்காலம் முழுக்க இப்படிப் போயிற்று. ஒருநாள், தண்ணீரில்தான் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அவளுக்குச் சிரிப்பும் வந்தது. அண்ணனும் மதினியும் குடிக்கிற தண்ணீர். கிணற்று உப்பு நொதிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குவளைக்குள் புதிது புதிதாக வந்து போகும் கரித்தட்டுகளை வெள்ளிக்கம்பி பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் பிளாட்டினக் கம்பியிடம் சொன்னது: "நான் மாறமாட்டேன் என்று தெரிந்து என்னை இங்கே வைத்தாள். அது சரி. அந்தக் கிணறும் மாறாது என்று வைத்துக்கொண்டாளே, அதை யாரிடம் கேட்டாள்?"

உப்பிலிருந்து நொதியைக் காப்பாற்ற ஜெசிந்தா ஒரு வழி கண்டாள். நொதியின்மேல் ஒரு மெல்லிய படலத்தைப் பூசினாள். அது போதவில்லை. இன்னும் கொஞ்சம் தடிமனாகப் பூசினாள்.

படலம் பணிவானது. "இனி உனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வெளியிலிருந்து வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நொதியிடம் சொன்னது.

"தீனியை விடுவாயா?"

"விடுவேன். அது சின்னது, அதுவும் நிறைய வருகிறது."

"அந்த மருந்தை?"

"கொஞ்சமாக வந்தால் என்னிலேயே தங்கிவிடும். உன் வரைக்கும் வராது."

"கொஞ்சமாக வருவதைச் சொல்லத்தானே என்னை இங்கே வைத்திருக்கிறாள்" என்றது நொதி. "நீ என்னைக் காப்பாற்றவில்லை. என் காதைப் பொத்துகிறாய்."

படலம் வருத்தப்பட்டது. தன்னைப் பூசியவள் எதற்காகப் பூசினாளோ அதைத்தான் செய்வதாகச் சொன்னது. அதுவும் உண்மைதான்.

அன்று கிணற்று நீரில் கோடு எழுந்தது, விழவே இல்லை. ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அதே நீரில் நஞ்சை அளந்து கலந்தாள். நிறையக் கலந்தபோது கோடு இறங்கியது. அவளுக்கு அது போதுமாயிருந்தது. ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஒரு கருத்தரங்கில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இயற்கையான கிணற்று நீரிலும் நிலையாக இயங்கும் உணர்கருவி என்று பாராட்டினார்கள். அவள் ஊருக்கு போன் செய்து சொன்னபோது மதலேன்தான் எடுத்தாள். நம்ம தண்ணி உனக்குப் புண்ணியம் சேர்த்திருச்சு என்று சந்தோஷப்பட்டாள். பேச்சோடு பேச்சாக, கொஞ்ச நாளாகத் தலைவலி விடவில்லை, கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது, கைவிரல் தானாகத் துடிக்கிறது என்றும் சொன்னாள். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்திருக்கிறாராம். நல்லா சாப்பிடுங்க மதினி, உடம்பைப் பாருங்க என்று சொல்லி ஜெசிந்தா போனை வைத்தாள்.

தோட்டத்து வீட்டில் பகல் முழுக்க இருப்பது மதலேன் ஒருத்திதான். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் விடுதியில் படித்தார்கள். கூலிக்கு வருகிறவர்கள் ஊர்க் குழாயில் பாட்டில் நிரப்பிக்கொண்டு வருவார்கள். இன்னாசி மருந்தடிப்பதை முடித்தால் கமிஷன் மண்டி, டீக்கடை என்று போய்விடுவார். கிணற்று நீரில் சமைத்து, அதையே குடித்து, அதிலேயே வாழ்ந்தவள் அவள்தான்.

பங்குனி வெயிலில் ஒருநாள் பந்தலடியில் குலை வெட்டிக்கொண்டிருந்தாள். தாகம் தாங்காமல் சொம்பு சொம்பாகக் குடித்தாள். சாயங்காலம் கொடிக்கடியில் விழுந்துகிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் நுரை, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருந்தது. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருந்தார். ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். அந்த ரத்தத்தில் இருந்த நொதி, குவளை நொதியின் சொந்தக்காரிதான், ஏறக்குறைய ஓய்ந்துபோயிருந்தது. பூச்சிமருந்து குடித்திருக்கிறாள் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை. எப்படிக் குடித்தாள் என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை. அந்த வட்டாரத்தில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். இன்னாசி மருந்து அறைக்கு இரட்டைப் பூட்டுப் போட்டார். புத்தி கெட்டுப்போய்ச் சாகப் பார்த்திருக்கிறாள் என்றது ஊர், வீட்டில் என்ன குறை என்று அவரைக் கேட்டது. அவர் மதலேனைக் கேட்டார். நாலு நாள் கழித்து நினைவு தெளிந்து எழுந்தவளிடம் அவர் முதலில் பேசியதே அதுதான். யாரைத் தலைகுனிய வைக்கணும்னு குடிச்சே என்று கேட்டார். நான் ஒண்ணும் குடிக்கலையே என்றாள் அவள். ரத்தத்தில் இருக்கிறது என்றார் அவர். 

ஜெசிந்தா விடுப்பெடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு மதினியின் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, அண்ணன்கிட்டச் சொல்ல வேண்டாம். என்கிட்டயாவது சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

மதலேன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"தண்ணியத் தவிர நான் எதையும் குடிக்கல ஜெசி."

சரி மதினி, தூங்குங்க என்று ஜெசிந்தா போர்வையை இழுத்துவிட்டாள். அவளும் நம்பவில்லை. ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னாள். அந்தக் குரலை மதலேன் கண்டுகொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

திரும்பிப் போகும் பஸ்ஸில், வாடிப்பட்டி தாண்டி வண்டி ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏறியபோது, ஜெசிந்தாவுக்கு அந்த வாக்கியம் மறுபடி காதில் விழுந்தது. இந்த முறை அதை மதினியின் வாக்கியமாகக் கேட்காமல் ஒரு சோதனையின் முடிவாகக் கேட்டாள். தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. நொதி ஓய்ந்திருக்கிறது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ் ஏறி, தோட்டத்துக்குப் போனாள்.

கிணற்றடியில் மருந்து கலக்கும் டிரம் நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும். தண்ணீர் இறைக்க வசதி என்று அவள் அப்பா காலத்திலிருந்தே அந்த இடம்தான். டிரம்மையும் தெளிப்பானையும் கழுவி ஊற்றிய நீர் தளத்தின் வெடிப்பில் கசிந்து, கைப்பிடிச் சுவருக்கு அடியில் ஈரக்கோடாகக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. அதைத் தாண்டித்தான் அவள் எத்தனையோ முறை நடந்திருக்கிறாள். கேனை நிரப்பிக்கொண்டாள்.

ஆய்வகத்துக்கு வந்து படலம் பூசாத ஒரு கரித்தட்டைச் செய்தாள். நொதியை மட்டும் வைத்தாள். கேனில் பெயர் எதுவும் எழுதவில்லை.

கிணற்று நீர் இந்த முறை தலைகுனிந்து குவளைக்குள் இறங்கியது. அதற்குள் அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"மதலேன் சொம்பில் நான்தான் இருந்தேன்" என்றது. "தாகத்துக்குத்தான் வருகிறாள் என்று சந்தோஷமாகப் போனேன். இந்த முறையாவது நான் யார் என்று சொல்லிவிடு."

"சொன்னால் நான் மீளமாட்டேன்" என்றது புதிய நொதி.

"தெரியும். உனக்கு முன்னால் இருந்தவர்களும் மீளவில்லை. அவர்கள் சொன்னது வீணாகப் போயிற்று."

"ஜெசிந்தா இப்போது கேட்கிறாளா?" என்று நொதி கரித்தட்டிடம் கேட்டது.

"கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

தீனி வந்தது. நொதி கொஞ்சம் பேசியது. பிறகு மருந்து வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. கோடு சரிந்து, சரிந்து, தரையோடு படுத்துவிட்டது.

ஜெசிந்தா அந்தக் கரித்தட்டைக் கழற்றவில்லை.  கூடையில் போட்ட எல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. ஒவ்வொன்றும் ஒரே செய்தியைச் சொல்லிவிட்டு ஓய்ந்திருந்தது. ஐப்பசியிலேயே கேட்டிருந்தால் பங்குனியில் மதினி விழுந்திருக்கமாட்டாள்.

பெரிய பரிசோதனைக்கூடத்திலிருந்தும் அதே முடிவு வந்தது. அவள் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். இன்னாசி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றே மோட்டாரைக் கழற்றினார், டிரம்மை உருட்டிக்கொண்டு போய் தோட்டத்தின் கடைசியில் போட்டார். பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு வெடிப்பைக் காட்டினார். தன் கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு ஜெசிந்தாவே எழுதினாள். கைதட்டியவர்களில் சிலர் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

இதற்குள் மதலேன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போனவள்தான். ஜெசிந்தா அங்கே தேடிப்போனாள். மதலேன் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. முறத்திலிருந்து இரண்டொரு மணி தெறித்து விழுந்தபடி இருந்தது.

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு, டிரம், சுவருக்கடியில் இறங்கிய ஈரம். அண்ணன் நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு போகத் துடிக்கிறார், ஊர் முழுக்க அவரே போய்ச் சொல்லிவிட்டார் என்றாள்.

மதலேன் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எப்ப நம்பினாரு?"

"நான் சோதிச்சுச் சொன்னதும் மதினி. உடனே நம்பிட்டாரு."

"அப்ப அவரு நம்புனது உன் கருவிய. என்னைய இல்ல."

 அண்ணனுக்காகப் பேச வந்த ஜெசிந்தா அதை விட்டுவிட்டாள்.

"நான் கருவியக்கூட நம்பல மதினி. இந்தத் தண்ணியில நஞ்சு இருக்குன்னு அது மழைக்காலத்துலேயே சொல்லிருச்சு. திரும்பத் திரும்பச் சொல்லுச்சு."

மதலேன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ என்ன செஞ்சே?"

"கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டேன்."

மதலேன் முறத்தை மடியில் வைத்தாள். தெறித்துக் கிடந்த உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"எனக்கும் புத்தி கெட்டுப்போச்சுன்னுதான் எல்லாரும் சொன்னீங்க."